பனியன் துணி ரவிக்கை

பனியன் துணியைக் கண்டுபிடித்தவர் யாரோ, அதைத் தைக்கப்போகிறவளைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். மற்ற துணியெல்லாம் போட்ட இடத்தில் கிடக்கும். பாப்ளினை விரித்தால் விரித்தபடி இருக்கும், கோடு போட்டால் கோடு நிற்கும், கத்தரி போன வழியில் வெட்டுப்படும். பனியன் துணி அப்படியில்லை. விரித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சாக்கட்டியை வைத்தால் சாக்கட்டியோடு கூடவே வரும். வெட்டி முடித்து நிமிர்வதற்குள் ஓரம் முழுக்கச் சுருண்டிருக்கும். பிடித்தால் ஒரு அளவு, விட்டால் வேறொரு அளவு. இதில் எதை நம்பித் தைப்பது என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தத் துணியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் அண்ணன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவனுக்கு வேலை. சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவன், கம்பெனியில் கழித்துப்போட்ட துணி என்று ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து நடுவீட்டில் இறக்கினான். மூட்டையில் மேலாக மஞ்சளில் நீலக் கோடு போட்ட துணி, அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் கொஞ்சம். வெளிநாட்டுப் பெண்கள் வெயில் காலத்தில் போட்டுக்கொள்ளும் மேல்சட்டைக்கான துணியாம். அந்த நாட்டில் வெயில் வருவதே வருஷத்தில் கொஞ்ச நாள்தானாம், அதற்கென்று தனியாகச் சட்டை தைத்துக் கொண்டாடுவார்களாம். கத்திரி வெயிலில் முதுகு முழுக்க வேர்க்குருவோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் தையல் வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக்கொடுத்த கால் மிஷினை ஜன்னலோரம் போட்டு, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மில் விட்டால் கூட்டம், கூட்டம் விட்டால் டீக்கடை என்று அவர் சுற்றிக்கொண்டிருந்தார். படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசிய ஆண்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்தியவர்கள். கேட்கிறது நியாயம்தான், கேட்கிறவர்களை நினைத்தால்தான் எரிச்சல் வரும்.

பகலில் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அந்த வருஷம் மாசி மாதம் ஒரு காலை, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறி, பிறகு பழையபடி ஆகிவிட்டது. என்னைத் திட்டுவதற்கு வாய் மட்டும் சரியானது போதுமே என்று அப்போது நினைத்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் என் வீட்டுக்காரரையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"கை வர்றது கஷ்டம். காலு வரும். ஆனா தெனம் நடக்கணும், நல்லா நீட்டி நடக்கணும். இந்த ஆடி வரைக்கும் படுத்தே கெடந்தாங்கன்னா அப்பறம் எழுந்திருக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டில் நீட்டி நடக்க இடம் ஏது? சுவரிலிருந்து சுவருக்குக் கை நீட்டினால் முட்டும். நடப்பதென்றால் தெருவில்தான் நடக்க வேண்டும். என் மாமியார் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் கால் அல்ல, ரவிக்கை.

இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. என் மாமியாரின் அம்மா கடைசிவரை ரவிக்கை போடாதவர். அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் அப்படித்தான். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரப் போன அம்மாவை, ரவிக்கை போட்டவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று யாரோ எழுப்பிவிட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணுக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது உள்ளே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு தூங்கும்போதுகூட அவர் ரவிக்கை இல்லாமல் இருந்ததில்லை. அதுவும் எப்படி, கை இறுக்கமாக. குளிக்கக் கழற்றினால் சதையில் சுற்றிலும் ஒரு கோடு பதிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தைத்தவனுக்குத் தைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கைலாகு கொடுத்து அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போக நான் தயாராக இருந்தேன். ரவிக்கை இல்லாமல், சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு, அம்மாவைப் போல அவர் வெளியே வரத் தயாராக இல்லை.

விழுந்த கையை அந்த இறுக்கமான ரவிக்கைக்குள் நுழைக்க முடியவில்லை. ஆரம்பத்தில் கை வீங்கிக் கிடந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு வைத்தியரிடம் என் வீட்டுக்காரர் வாங்கிவந்த பச்சை எண்ணெயை வேறு அதில் தேய்த்திருந்தார்கள். எண்ணெய்க் கையில் பாப்ளின் ஒட்டிக்கொள்ளும். ஒரு விரலை நுழைத்தால் இன்னொரு விரல் மடங்கும். நானும் பிடித்து இழுத்து, அவரும் தோள் வலிக்கிறது என்று கத்தி, கடைசியில் தையல் பிரிந்தது. சரி, தொளதொளவென்று ஒன்று தைக்கிறேன் என்று தைத்துக் கொடுத்தேன்.

"இன்னாடி இது, கோணிப்பையா? நெல்லு கட்டவா?" என்று தூக்கி எறிந்தார்.

கையைப் பிளந்து, உள்பக்கமாகக் கொக்கி வைத்து ஒன்று தைத்தேன். அது என் மூளை, எனக்கே பெருமையாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில கொக்கி வச்சா பாக்கறவளுக்குத் தெரியாதா, ஏன் வச்சிருக்குதுன்னு? போடி, எனக்கு ரவுக்கையும் வேணாம், தெருவும் வேணாம்."

அதற்குப் பிறகு அந்தக் கையை யாருக்கும் காட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. குளிப்பதற்குத் தட்டிக்கு வெளியே நின்று நான் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும், உள்ளே வரக்கூடாது. எண்ணெயைத் தானே வலது கையால் தேய்த்துக்கொள்வார். முந்தானையைச் சுற்றி மூடிக்கொண்டு கட்டிலில் படுத்துக்கொள்வார். பங்குனி போனது. சித்திரை வந்தது. அவர் கட்டிலைவிட்டு இறங்கிய நேரமெல்லாம் சேர்த்தாலும் ஒரு பொழுது வராது. டாக்டர் சொன்ன ஆடி எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டே இருந்தது, அதைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான். அவருக்கு ஆயுசுக்கும் படுக்கையில் அள்ளிக் கொட்டப்போகிறவளும் நான் ஒருத்திதானே.

இந்த நேரத்தில்தான் அண்ணனுடைய சாக்கு மூட்டை வந்தது. துணியைக் கையில் எடுத்ததும், கடவுளே கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். இழுத்தால் நீள்கிறது, விட்டால் பிடித்துக்கொள்கிறது. உயிரில்லாத கையும் தோளை இழுக்காமல் உள்ளே போகும், போன பிறகு இறுக்கமாகவும் நிற்கும். இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியம். சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்த எதுதான் சுலபமாக இருந்திருக்கிறது?

எங்கள் ஊர்ப் பக்கம் ரவிக்கைக்கு யாரும் உடம்பில் அளவு எடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் அளவு ரவிக்கை. அதை வைத்துத் தைக்க வேண்டும். ஆண் தையல்காரர்களிடம் துணி கொடுத்த காலத்திலிருந்து வந்த வழக்கம். பெண்ணான நான் தைக்க ஆரம்பித்த பிறகும் அது போகவில்லை. என் மாமியார் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். தன் உடம்பில் ஒருத்தனும் டேப் வைத்தது கிடையாது என்பதை ஒரு பட்டம் போலச் சொல்லிக்கொள்வார். அவருடைய அளவு ரவிக்கை பெட்டிக்குள் மடித்த மேனிக்கு இருந்தது. அதை எடுத்து, மஞ்சள் துணியில் வைத்து, வழக்கம்போல உள்ளே பிரித்துவிடத் தாராளமாகத் துணி விட்டு வெட்டினேன்.

மிஷினில் வைத்ததும் என் உயிர் போனது. தையல் தாவியது. நாலு தையல் விழும், அடுத்த நாலு இடத்தில் வெறும் நூல் ஓடும். மிஷினின் பல் துணியை உள்ளே இழுத்துத் தின்றது. கழுத்துப் பட்டி பொரித்த அப்பளம் போல நெளிந்தது. ஒருவழியாகத் தைத்து முடித்து, பொருந்துகிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தேன், துணி நீண்டது, நூல் நீளவில்லை, தோள்பட்டை முழுக்கப் படபடவென்று அறுந்தது. அன்றைக்கு அந்தத் துணியை நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுப் பெண், யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடிவந்தாள்.

அவளிடம் துணியைக் காட்டினேன். அவள் வேறொன்றைப் பார்த்தாள்.

"இது கொழந்தைக்குப் போட்டா ஜில்லுனு இருக்குமே அக்கா."

"அம்மாந்தூரம் யோசிக்கற ஆளு இந்தத் தையலுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றேன்.

வழியை நானேதான் தேடிக்கொண்டேன். துணிக்கு அடியில் பழைய செய்தித்தாளை நீளமாகக் கிழித்து வைத்து, காகிதத்தோடு சேர்த்துத் தைத்தேன். பல்லுக்குக் காகிதம் சிக்கும், துணி தப்பிக்கும். தைக்கும்போது முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் நூலும் கொஞ்சம் தாராளமாக விழும், பிறகு அறுவதில்லை. ஒரு கையால் முன்னால் இழுத்து, ஒரு கையால் பின்னால் இழுத்து, காலால் மிதித்து, கழுதை மாதிரி வேலை. தைத்து முடித்ததும் காகிதத்தைக் கிழித்து எடுக்க வேண்டும். வீடு முழுக்கப் பேப்பர் தூள். அந்த நாட்களில் செய்தித்தாளைப் பிரித்தால் மறியல், கைது, பேச்சுவார்த்தை, இதுதானே இருக்கும். அதையெல்லாம் வாரி வாரிக் குப்பையில் கொட்டினேன்.

மஞ்சள் ரவிக்கையை மறுபடி தைத்து மாமியாரிடம் கொடுத்தேன். அவர் முதலில் பார்த்தது நிறத்தை.

"புருசன் போன வூட்ல எனக்கு எதுக்கு மஞ்சா?"

"போட்டுப் பாருங்க அத்த. சரியா இருந்தா காப்பி கலர்ல தச்சித் தரேன்."

கதவைச் சாத்திக்கொண்டு அவரே போட்டுக்கொண்டார். அதுவே பெரிய அதிசயம். வெளியே வந்தவரைப் பார்த்தேன். வலது பக்கம் சுமாராக நின்றது. இடது பக்கம் தோளைவிட்டே இறங்கித் தொங்கியது.

"ஆம்பள போடற பனியன எனக்கு மாட்டிவிட்டுட்டு இதப் போயி ரவுக்கன்றா. உள்ள இன்னாமோ குத்துது வேற" என்று அக்குளிலிருந்து ஒரு துண்டு செய்தித்தாளை எடுத்துக் கீழே போட்டார்.

கழற்றியதைத் துவைத்துப் பார்க்கலாம், சுருங்கினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். துவைத்து, பிழிந்தும் பிழியாமலும் கொடியில் போட்டுவிட்டு வேலையாகப் போய்விட்டேன். தண்ணீர்ப் பாரத்தில் அது இறங்கியிருக்கிறது, இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் ரவிக்கை முழங்காலைத் தொடும் நீளத்தில் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் மகளைத் தூக்கிவந்து நிறுத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையின் தலை வழியாக அதை மாட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்த கவுன் போல இருந்தது.

அத்தோடு ஆரம்பித்தது எனக்குச் சனி. மறுநாள் காலையிலிருந்து தெருவிலுள்ள அத்தனை அம்மாக்களும் என் வாசலில். பிள்ளைக்கு வேர்க்குரு, பிள்ளைக்கு அக்கி, பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, பனியன் துணியில் ஒரு கவுன் தைத்துக் கொடு. கை இல்லாத மேல்சட்டை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கவுன், தோளில் முடிச்சுப் போட்டது என்று மிதித்து மிதித்து என் முட்டி தேய்ந்தது. வளர்கிற பிள்ளை, ரெண்டு வருஷத்துக்கு வருகிற மாதிரி பெரிசாகத் தை என்று எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். இந்தத் துணி தானே வளருமம்மா, நீங்கள் வளர்த்துவிட வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பெரிசாகத் தைக்க வைத்து, துவைத்துக் கொடியில் போட்டு, தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு ஆக்கிக்கொண்டு வந்து என்னிடம் சண்டை பிடித்தார்கள். கொடியில் தொங்கவிடாதே, பாயில் விரித்துக் காயவை என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லி என் வாய் வலித்தது. பத்து நாளில் தெரு முழுக்க ஒரே மஞ்சளும் நீலக் கோடுமாகப் பிள்ளைகள் ஓடின. எது யாருடைய பிள்ளை என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

இதில் ஒரு நன்மை, அந்தத் துணி என் கைக்கு அடங்கியது. எங்கே இழுக்கும், எங்கே விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்துவிட்டது. தெருவே போட்டுக்கொண்டு திரிந்தது. யாருக்காக மூட்டையைப் பிரித்தேனோ அவர் மட்டும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

காப்பி நிறத்தில் அவருக்கு ஒன்று தைத்தேன். இந்த முறை அளவு ரவிக்கையைவிடச் சின்னதாக வெட்டினேன், ஏனென்றால் துணி கொடுக்கும். போட்டுக்கொண்டு வந்தார். வலது கை கச்சிதம். இடது கை தொங்கியது. பிரித்தேன். இடது பக்கம் துணி நெட்டுவாக்கில் இழுத்திருக்கும் என்று நினைத்துத் திருப்பி வெட்டித் தைத்தேன். வலது கை கச்சிதம். இடது கை தொங்கியது. மறுபடியும் பிரித்தேன். மிச்சமிருந்த காப்பி நிறத் துணி குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது முறையும் அவர் அதே கோலத்தில் வந்து நின்றபோது எனக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"சனியன் புடிச்ச துணி. ஒரு பக்கம் நிக்குது, ஒரு பக்கம் ஓடுது. மொத்தத்தையும் அடுப்புல வச்சாத்தான் எனக்கு நிம்மதி. நீங்களும் போடும்போது அந்தப் பக்கத்தைப் புடிச்சி இழுக்கறீங்களா அத்த? ஒழுங்கா மாட்டக்கூடாதா?"

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். அன்றைக்கு அப்படியில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். வலது கையால் முந்தானையை விலக்கினார். காப்பி நிறக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டி ஏற்றினார்.

"துணிய ஏன்டி திட்டற? அது இன்னா பண்ணும்?" என்றார். "இந்தா, இத அளந்துக்க."

மாசியில் நான் பார்த்தபோது வீங்கியிருந்த கை அது. இப்போது முழங்கைக்குக் கீழே அந்த வீக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தது, மேலே சதையே இல்லை. தோளுக்குக் கீழே எலும்பின் மேல் தோல் மடிந்து மடிந்து தொங்கியது. என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பக்கத்திலேயே வலது கை பழையபடி உருண்டு திரண்டு இருந்தது. இரண்டும் ஒரே ஆளின் கை என்று சொல்ல முடியாது. இதைத்தான் இத்தனை நாளாக முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நானோ நல்லாயிருந்த காலத்து ரவிக்கையை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் கைக்குத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். டேப்பை எடுத்து வந்தேன். முதலில் வலது கையில் சுற்றினேன், பிறகு இடது கையில். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பில் ஒருத்தனும் டேப் வைத்ததில்லை என்ற அவருடைய பெருமை அன்றோடு முடிந்தது.

கடைசியாக இருந்த காப்பி நிறத் துணியை விரித்தேன். வலது கைக்கு ஒரு அளவு, இடது கைக்கு ஒரு அளவு என்று வெட்டினால் பொருந்தும், ஆனால் பார்க்கிறவளுக்குத் தெரியும். அதனால் வெளியே இரண்டு கையையும் ஒரே அளவாக வெட்டினேன். இடது கைக்கு உள்ளே மட்டும், மெலிந்த கையைப் பிடிக்கிற மாதிரி சின்னதாக இன்னொரு கை வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் கத்தரித்துப்போட்ட பனியன் துண்டுகளை மெத்தென்று நிரப்பி, விளிம்பில் சேர்த்துத் தைத்தேன். நீளத்தை முழங்கைவரை இறக்கினேன். இந்த முறை பேப்பர் தூளை ஒன்று விடாமல் ஊசி முனையால் எடுத்தேன்.

அவராகவே என்னை உள்ளே கூப்பிட்டார். விரல்களை நான் கூட்டிப் பிடித்துக்கொள்ள, துணி விரிந்து கொடுத்தது, தோள் வலிக்காமல் கை உள்ளே போனது. முன்பக்கக் கொக்கிகளை அவரே ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டார்.

"இறுக்கமா இருக்குதா அத்த?"

வலது கையை மடக்கிப் பார்த்தார். "இந்தக் கையில நல்லா புடிக்குது." பிறகு இடது கையைப் பார்த்தார். "அந்தக் கையில எனக்கு ஒண்ணும் தெரிலடி. நீயே பாத்து சொல்லு."

நான் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

இத்தனைக்கும் பிறகு எழுந்து தெருவில் நடந்தாரா என்றால், இல்லை. நாளைக்கு என்றார். மறுநாள், வெயில் என்றார். சாயங்காலம், ரோட்டில் லாரி என்றார். போட்ட ரவிக்கையைக் கழற்றவுமில்லை, கட்டிலைவிட்டு இறங்கவுமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த மிஷினையே தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் மறியல் வந்தது. விடிவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத மனிதர், மறியல் கூட்டத்துக்குப் புளிசோறு கிளறப் போகிறேன் என்று போனார். சேலம் ரோட்டில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சைக்கிள்கூட இல்லை. எப்போதும் ஹாரன் சத்தத்தில் அதிரும் வீடு, காது அடைத்தாற்போல் ஆகிவிட்டது. தெருப் பெண்கள் குடத்தில் தண்ணீரும் இடுப்பில் பிள்ளையுமாக ரோட்டுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "வரலியா பெரிம்மா?" என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தாள்.

மாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

"லாரி எதுவும் வராதுல்ல?"

"எப்படி வரும்? மரம் கெடக்குதே."

"அப்ப கையப் புடி."

தெருவைத் தாண்டி ரோட்டில் ஏறினோம். அவ்வளவு பெரிய ரோட்டை வெறுமையாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுரோட்டில், வெள்ளைக் கோட்டின் மேல், என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் காலை இழுத்து இழுத்து வைத்தார். தார் சூட்டில் செருப்பு ஒட்டியது. நான் ஓரமாக, நிழலாக நடக்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். மெதுவாக என்றேன். வாயை மூடிக்கொண்டு வா என்றார். வேலை கேட்டும் படிப்பு கேட்டும் எத்தனையோ பேர் அன்றைக்கு ரோட்டுக்கு வந்திருந்தார்கள். எனக்கு அந்த ரோடு வேறெதற்கும் வேண்டியிருக்கவில்லை, அவர் நீட்டி நடப்பதற்குத்தான் வேண்டியிருந்தது. வெட்டிப்போட்ட புளியமரம் வரைக்கும் நடந்தார். நடுவில் ஒரே ஒரு தரம்தான் நின்றார்.

அங்கே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இடம் விட்டார்கள். மடியில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முந்தானையை எப்போதும்போலத் தோளில் ஒதுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சள் கவுன் போட்ட பிள்ளைகள் மரக்கிளைகளில் ஏறி விளையாடின. வெயில் உச்சிக்கு வருவதற்குள் இவரை எப்படித் திருப்பி அழைத்துப்போவது என்று எனக்கு அதே கவலை.

நைனார்பாளையம் பக்கத்திலிருந்து நடந்து வந்திருந்த ஒரு பெண், தூரத்து உறவு, என் மாமியாரைப் பார்த்ததும் நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"ஒடம்பு முடியலன்னாங்க. கை வுழுந்துட்ச்சின்னு சொன்னாங்களே." அவள் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தக் கை?"

என் மாமியார் அவளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சண்டைக்கு இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அதத் தச்சவளக் கேளு" என்று தாடையால் என்னைக் காட்டினார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் தைத்தது எதையும் நான்தான் தைத்தேன் என்று அவர் வெளியாள் முன்னால் சொன்னதில்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு என் மாமியாரின் வலது கையில் கொடுத்தேன்.